கணக்கெடுப்பில் நாற்பது ஆண்டு கிடந்த தடயம்: ரூபெல்லாவும் காது கேளாமையும்

ஆஸ்திரேலியாவில் 1911ல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கில், காது கேளாதவர்களை வயதுவாரியாகப் பிரித்துக் காட்டும் அட்டவணை ஒன்று உண்டு. அதில் 10 முதல் 14 வயது வரையுள்ளவர்களின் எண்ணிக்கை மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். 1921ல் மறுபடியும் எண்ணினார்கள். இப்போது துருத்தி நின்றது 20 முதல் 24 வயது. அதே ஆட்கள்தான், பத்து வயது கூடியிருந்தது. 1890களின் கடைசியில் பிறந்த ஒரு கூட்டத்துக்கு மட்டும் என்னவோ நடந்திருக்கிறது என்பது இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். கணக்கெடுப்பு அலுவலர்களுக்கும் தெரிந்தது. அந்தக் குழந்தைகள் பிறந்த காலத்தில் பரவிய ஏதோ கொள்ளைநோய் காரணமாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார்கள். எந்த நோய், யாருக்கு வந்த நோய் என்பதற்குப் பதில் கிடைக்க 1951 ஆகிவிட்டது.

நோயின் பெயர் ரூபெல்லா. ஜெர்மன் தட்டம்மை என்றும் சொல்வார்கள். அது வந்தது அந்தக் குழந்தைகளுக்கு அல்ல, அவர்களைச் சுமந்துகொண்டிருந்த அம்மாக்களுக்கு.

வைரஸ் தொற்று கேட்கும் திறனை எப்படிப் பாதிக்கிறது என்று யோசிக்கும்போதெல்லாம் நான் திரும்பத் திரும்பப் போவது இந்த நிகழ்வுக்குத்தான். காரணம் எளிமையானது. வைரஸ் காதுக்குச் செய்யும் சேதம் சத்தமில்லாமல் நடக்கிறது, தாமதமாகத் தெரிகிறது, தெரியவரும் நேரத்தில் வைரஸ் வந்துபோன அடையாளம் பெரும்பாலும் அழிந்துவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் ஒரு நாடே அப்படி ஏமாந்தது. இன்றைக்கும் நம் ஊர் மருத்துவமனைகளில் ஒவ்வொரு குழந்தையாக அதே கதை நடந்துகொண்டிருக்கிறது.

நோய் என்றே யாரும் நினைக்காத நோய்

ரூபெல்லா வந்தால் லேசான காய்ச்சல் இருக்கும். முகத்தில் தொடங்கி உடம்பில் இறங்கும் சிவப்புத் தடிப்புகள் மூன்று நாளில் மறையும். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் நெறி கட்டும். பெரியவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, மூட்டு வலி வரலாம். அவ்வளவுதான். தொற்றியவர்களில் பாதிப் பேர் வரைக்கும் ஒரு அறிகுறியும் இருக்காது. தட்டம்மைக்குப் பயந்த அளவுக்கு இதற்கு யாரும் பயந்ததில்லை. நம் ஊரில் வந்தால் வேர்க்குரு என்றோ, சூட்டுக் கொப்புளம் என்றோ, சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்றோ சொல்லிவிட்டு மறந்துவிடுவார்கள்.

19ஆம் நூற்றாண்டிலேயே இது தனி நோய் என்று மருத்துவர்கள் அடையாளம் கண்டுவிட்டார்கள். ஆனால் அதைப் பற்றி மேலே படிக்க எவருக்கும் ஆர்வம் இல்லை. யாரையும் கொல்லாத, மூன்று நாளில் போய்விடுகிற நோயில் ஆராய என்ன இருக்கிறது? கர்ப்பிணிக்கு வந்தாலும் தாய்க்கு ஒன்றும் ஆவதில்லை. அவள் எழுந்து வேலை பார்க்கிறாள். ஏழெட்டு மாதம் கழித்துக் குழந்தை பிறக்கும்போது அந்த மூன்று நாள் யாருக்கு நினைவில் இருக்கும்?

சிட்னி, 1941

நார்மன் மெக்அலிஸ்டர் கிரெக் சிட்னியில் கண் மருத்துவர், குழந்தைகள் மருத்துவமனையிலும் பணியாற்றியவர். முதல் உலகப்போரில் களத்தில் இருந்து வீரப் பதக்கம் வாங்கியவர். 1941ன் தொடக்கத்தில் அவரிடம் பிறவிக் கண்புரையோடு கைக்குழந்தைகள் வரிசையாக வர ஆரம்பித்தன. பிறவிக் கண்புரை அரிய விஷயம். ஒரு கண் மருத்துவர் எப்போதாவது ஒன்றைப் பார்ப்பார். இவரிடம் சில மாதங்களுக்குள் அத்தனை பேர். பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் புரை. குழந்தைகள் எடை குறைந்து, பால் குடிக்கத் திணறின. பலருக்கு இதயத்திலும் கோளாறு.

பரம்பரைக் குறை என்று எழுதி முடித்திருக்கலாம். அன்றைக்குப் பிறவிக் குறை என்றாலே ரத்தத்தில் வந்தது என்பதுதான் பாடம். கிரெக் அப்படி விடவில்லை. அவருடைய அறைக்கு வெளியே காத்திருந்த தாய்மார் தங்களுக்குள் பேசிக்கொண்டதில், கர்ப்பமாக இருந்தபோது ஜெர்மன் தட்டம்மை வந்தது என்று ஒருவர் சொல்ல, எனக்கும் வந்தது என்று இன்னொருவர் சொல்ல, அது அவர் காதில் விழுந்தது என்று இந்தக் கதையைச் சொல்வார்கள். எப்படித் தொடங்கியிருந்தாலும், அதற்கு அடுத்து அவர் செய்ததுதான் முக்கியம். மற்ற தாய்மாரிடமும் கேட்டார். ஆஸ்திரேலியாவின் பிற பகுதிகளில் இருந்த கண் மருத்துவர்களிடமும் விவரம் கேட்டார். மொத்தம் 78 குழந்தைகளின் விவரம் சேர்ந்தது. அதில் 68 குழந்தைகளின் தாய்மாருக்குக் கர்ப்ப காலத்தில் ரூபெல்லா வந்திருந்தது, அதுவும் பெரும்பாலும் ஆரம்ப மாதங்களில்.

1940ல் ஆஸ்திரேலியாவில் ரூபெல்லா பெரிய அளவில் பரவியிருந்தது. போருக்காக ஊர் ஊராக இளைஞர்களைத் திரட்டி ராணுவ முகாம்களில் நெருக்கியடித்துத் தங்கவைத்திருந்த நேரம். முகாமில் ஒருவருக்கு வந்தால் எல்லோருக்கும் வரும். விடுப்பில் வீட்டுக்குப் போனவர்கள் இளம் மனைவிகளுக்குக் கொடுத்தார்கள்.

1941 அக்டோபர் 15 அன்று மெல்போர்னில் கண் மருத்துவர்கள் சங்கக் கூட்டத்தில் கிரெக் தன் கட்டுரையை வாசித்தார். தாய்க்கு வந்த வைரஸ் காய்ச்சல் கருவின் உறுப்புகளைச் சிதைக்கும் என்று மருத்துவ உலகம் ஆதாரத்தோடு தெரிந்துகொண்ட நாள் அது. வெளிநாடுகளில் உடனே நம்பிவிடவில்லை. தாய்மாரின் நினைவை வைத்துச் சொல்வதெல்லாம் ஆதாரமா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். பரிசோதனைக்கூடத்தில் வைரஸைக் காட்ட வழியில்லாத காலத்தில் தாய்மாரின் நினைவைத் தவிர வேறு எந்த ஆதாரம் இருந்திருக்க முடியும்?

அந்தக் கட்டுரையில் கண் இருக்கிறது, இதயம் இருக்கிறது. காது இல்லை.

காது ஏன் பிந்தியது

இதை கிரெக்கின் குறை என்று நான் சொல்லவில்லை. அவர் பார்த்தவை கைக்குழந்தைகள். கண்புரை கண்ணின் நடுவில் வெள்ளையாகத் தெரியும், பாட்டிகூடக் கண்டுபிடித்துவிடுவார். இதயக் கோளாறு இருந்தால் குழந்தை நீலம் பாரிக்கும், மூச்சு வாங்கும். காது கேளாத கைக்குழந்தை மற்ற எல்லாக் குழந்தைகளையும் போலவே சிரிக்கும், அழும், ஆறு மாதம் வரை மழலைச் சத்தமும் போடும். கதவு படாரென்று சாத்தினால் திடுக்கிடும். அது சத்தத்துக்கு அல்ல, அதிர்வுக்கு. ஒன்றரை வயது, இரண்டு வயதில் பேச்சு வராதபோதுதான் சந்தேகம் வரும். அப்போதும் இந்த வீட்டுப் பிள்ளைகள் லேட்டாகத்தான் பேசும், இதன் அப்பாவுக்கு மூன்று வயதில்தான் பேச்சு வந்தது என்று இன்னொரு வருடம் கழியும்.

கிரெக்கின் கட்டுரைச் செய்தி நாளிதழில் வந்த பிறகு அவரைத் தேடிவந்து பேசியவர்களில் வேறு வகைத் தாய்மாரும் இருந்தார்கள். தங்களுக்கும் அந்தச் சமயத்தில் ஜெர்மன் தட்டம்மை வந்தது, ஆனால் குழந்தைக்குக் கண்ணில் ஒன்றுமில்லை, காதுதான் கேட்கவில்லை என்றார்கள். மருத்துவர்களுக்கு முன்னால் அவர்கள் முடிச்சைப் போட்டுவிட்டார்கள். 1943ல் அடிலெய்டில் சார்லஸ் ஸ்வானும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு காது கேளாமையையும் பட்டியலில் சேர்த்தது. 1944ல் கிரெக்கும் தன் அடுத்த கட்டுரையில் அதை எழுதினார். அதன்பின் தேடத் தேட எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. கடைசியில் ரூபெல்லா விட்டுச்செல்லும் குறைகளில் மிக அதிகமாகக் காணப்படுவது காது கேளாமைதான் என்று தெரியவந்தது.

இதற்கு ஒரு காரணம் கருவின் வளர்ச்சியில் இருக்கிறது. கண்ணின் லென்ஸ் உருவாகி மூடிக்கொள்வது மிக ஆரம்ப வாரங்களில். அதற்குள் வைரஸ் நுழைந்தால்தான் கண்புரை. இதயமும் கிட்டத்தட்ட அதே காலம். உள்காது அப்படியல்ல. அதன் சுருள் பகுதியான காக்ளியா ஒலியை உணரும் உறுப்பாக முதிர்ந்துவர இன்னும் பல வாரங்கள் பிடிக்கும். எனவே அதற்கு ஆபத்து நீடிக்கும் காலமும் நீளம். கர்ப்பத்தின் முதல் 12 வாரத்துக்குள் ரூபெல்லா வந்தால் பத்தில் எட்டு, ஒன்பது குழந்தைகளுக்கு ஏதாவது குறை வரும், பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட குறை. 13 முதல் 16 வாரத்துக்குள் வந்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு குழந்தைக்குப் பாதிப்பு, அதுவும் காதில் மட்டும். 18 வாரம் தாண்டினால் ஆபத்து மிகவும் குறைந்துவிடும்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நான்காம் மாதத்தில் தொற்று வந்த தாயின் குழந்தை பார்க்க எந்தக் குறையும் இல்லாமல் பிறக்கும். எடை சரி, கண் சரி, இதயம் சரி. அந்தக் குழந்தை கிரெக்கின் அறைக்கு வந்திருக்கவே வாய்ப்பில்லை. இதய மருத்துவரிடமும் போகாது. காதில் மட்டும் அடிபட்ட குழந்தைகள்தான் எண்ணிக்கையில் பெரிய கூட்டம், கண்ணுக்குத் தெரியாத கூட்டமும் அவர்கள்தான்.

உள்ளே நடப்பது இதுதான். தாயின் ரத்தத்தில் வந்த வைரஸ் நஞ்சுக்கொடியைத் தொற்றி, அதன் ரத்தக் குழாய்ச் சுவர்களிலிருந்து கருவுக்குள் போகிறது. அங்கே செல்கள் பெருகும் வேகத்தைக் குறைக்கிறது. எடை குறைந்த குழந்தைகள் பிறப்பது அதனால்தான். உள்காதில் ஸ்ட்ரியா வாஸ்குலாரிஸ் என்ற ரத்த நாளப் பட்டை ஒன்று இருக்கிறது. காக்ளியாவுக்கு உள்ளே இருக்கும் திரவத்தில் பொட்டாசியத்தை நிரப்பி, மின்னழுத்தத்தைத் தக்கவைப்பது அதன் வேலை. உள்காதின் பேட்டரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இறந்துபோன ரூபெல்லா குழந்தைகளின் காதெலும்பை அறுத்துப் பார்த்தவர்கள் இந்தப் பட்டையில் சேதத்தையும், அதை ஒட்டிய மென்சவ்வு சரிந்து ஒட்டிக்கொண்டிருப்பதையும் கண்டார்கள். மின்னழுத்தம் இல்லாவிட்டால் ஒலியை உணரும் மயிர்செல்கள் இருந்தும் பயனில்லை. நடுக்காதில் சீழ் கட்டினால் மருந்து கொடுக்கலாம், அறுவை செய்யலாம். இங்கே சரிசெய்ய ஒன்றும் இல்லை. பெரும்பாலும் இரண்டு காதிலும், கடுமையாக, நிரந்தரமாகக் கேட்காது.

இன்னொரு சங்கடமும் உண்டு. பிறந்த பிறகும் ரூபெல்லா குழந்தையின் உடம்பில் வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தொண்டைச் சளியிலும் சிறுநீரிலும் ஒரு வருடம் வரைகூட வெளியேறலாம். பிறந்தபோது ஓரளவு கேட்ட காது பிறகு மோசமாவதும் நடக்கிறது. அதனால் பிறந்தவுடன் எடுத்த பரிசோதனையில் தேறிவிட்டது என்பதை வைத்து நிம்மதியாக இருக்க முடியாது.

லான்காஸ்டர் பழைய ஏடுகளைத் திறக்கிறார்

ஆலிவர் லான்காஸ்டர் சிட்னியில் பொதுசுகாதாரப் பள்ளியில் வேலை பார்த்த புள்ளியியல் வல்லுநர், மருத்துவமும் படித்தவர். கிரெக் சொன்னது உண்மையானால் அது 1940ல் மட்டும் நடந்திருக்க முடியாது என்பது அவருடைய தர்க்கம். ரூபெல்லா அதற்கு முன்பும் பலமுறை வந்து போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் காது கேளாத ஒரு கூட்டத்தை விட்டுப் போயிருக்க வேண்டும். அந்தக் கூட்டம் எங்காவது எழுத்தில் பதிவாகியிருக்கும்.

இருந்தது. நான் தொடக்கத்தில் சொன்ன 1911, 1921 அட்டவணைகளை எடுத்தார். அப்புறம் காது கேளாதோர் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளை எடுத்து, ஒவ்வொரு மாணவரும் பிறந்த ஆண்டை எண்ணினார். 1899, 1916, 1924-25, பிறகு கிரெக்கின் குழந்தைகள் பிறந்த ஆண்டுகள் என மேடுகள் எழுந்து நின்றன. ரூபெல்லா பரவிய காலங்களோடு அவை பொருந்தின. 1951ல் அவர் வெளியிட்ட கட்டுரை காது கேளாமையை ஒரு கொள்ளைநோயாகவே பார்த்தது. எனக்கு இந்த மொத்தக் கதையிலும் மனம் அதிகம் ஒட்டுவது இந்த இடத்தில்தான். நுண்ணோக்கி இல்லை, நோயாளி இல்லை, வைரஸ் கையில் இல்லை. பள்ளி எழுத்தர்கள் மையில் எழுதி வைத்த பிறந்த தேதிகளை வைத்தே அரை நூற்றாண்டு உண்மையை அவர் வெளியே எடுத்தார்.

சரி, இது ஏன் ஆஸ்திரேலியாவில் தெரிந்தது, ஐரோப்பாவில் தெரியவில்லை? அங்கே ரூபெல்லா இல்லையா? இருந்தது, எப்போதும் இருந்தது. அதுதான் விஷயம். நெருக்கமாக மக்கள் வாழும் இடத்தில் ரூபெல்லா ஊரை விட்டுப் போவதே இல்லை. பெரும்பாலான பெண்கள் சிறுவயதிலேயே அது வந்து எதிர்ப்பு சக்தியோடு வளர்வார்கள். விடுபட்ட சிலருக்குக் கர்ப்பத்தில் வரும். காது கேளாத குழந்தைகள் ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிறந்துகொண்டே இருப்பார்கள். அட்டவணையில் மேடே எழாது. ஆஸ்திரேலியாவோ கடலால் பிரிந்து, குறைந்த மக்கள்தொகையோடு இருந்த நாடு. ரூபெல்லா ஒருமுறை பரவி ஓய்ந்தால் மறுபடி வெளியிலிருந்து வந்து பரவ ஆண்டுகள் ஆகும். அந்த இடைவெளியில் வளர்ந்த பெண்களுக்கு எதிர்ப்பு சக்தி கிடையாது. நோய் வந்து இறங்கியதும் ஒரே வருடத்தில் ஆயிரக்கணக்கான கர்ப்பிணிகளுக்கு ஒன்றாக வரும். அதனால்தான் மேடு அவ்வளவு கூர்மையாக எழுந்தது.

இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் இந்தியாவுக்கு அர்த்தம் புரியும். நம்முடையது ஐரோப்பாவை விட நெருக்கமான நாடு. இங்கே மேடு எழாமல் இருந்ததால் பிரச்சினை இல்லை என்று ஆகிவிடாது. எல்லா ஆண்டும் சமமாகப் பரவிக் கிடந்த ஒன்று யார் கண்ணிலும் படவில்லை.

1964க்குப் பிறகு

1962ல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தனித்தனியே ரூபெல்லா வைரஸைப் பிரித்தெடுத்தன. தடுப்பூசி தயாராவதற்குள் பேரலை வந்துவிட்டது. 1963ல் ஐரோப்பாவில் பரவியது 1964, 65ல் அமெரிக்காவைத் தாக்கியது. ஒன்றேகால் கோடிப் பேருக்கு நோய். ரூபெல்லா பாதிப்போடு பிறந்த குழந்தைகள் ஏறத்தாழ 20,000. அவர்களில் காது கேளாதவர்கள் மட்டும் கிட்டத்தட்ட 12,000 பேர். பல ஆயிரம் கர்ப்பங்கள் கலைந்தன, பச்சிளம் குழந்தைகள் 2,000 பேருக்கு மேல் இறந்தார்கள். காதும் கண்ணும் சேர்ந்து பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்காகத் தனி மையங்கள் திறக்க வேண்டிவந்தது. காது கேளாதோர் பள்ளிகள் நிரம்பின. 1980களின் தொடக்கத்தில் ராச்செஸ்டரில் உள்ள காது கேளாதோருக்கான தேசியத் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்க்கை உயர்ந்ததும் இந்தத் தலைமுறையால்தான். லான்காஸ்டர் பதிவேட்டில் தேடிக் கண்ட மேட்டை இந்த முறை எல்லோரும் கண்ணெதிரே பார்த்தார்கள்.

1969ல் அமெரிக்காவில் முதல் தடுப்பூசிக்கு அனுமதி கிடைத்தது. 1971ல் ஆஸ்திரேலியா பள்ளி மாணவிகளுக்குப் போடத் தொடங்கியது. பிலடெல்பியாவின் விஸ்டார் ஆய்வகத்தில் ஸ்டான்லி பிளாட்கின் அதே 1964 அலையில் பாதிக்கப்பட்ட கருவிலிருந்து எடுத்து வலுவிழக்கச் செய்த ஆர்ஏ 27/3 என்ற வைரஸ் வகை பிறகு உலகம் முழுக்கப் பரவலாகப் பயன்பட்டது. இன்றைக்குப் புனேயில் தயாராகி நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் போடும் தடுப்பூசியிலும் இருப்பது அதுதான். அமெரிக்கக் கண்டங்கள் முழுவதும் ரூபெல்லாவை ஒழித்துவிட்டதாக 2015ல் அறிவித்தார்கள். கிரெக்கின் ஆஸ்திரேலியா 2018ல் அந்த நிலையை எட்டியது.

மதுரையிலும் கண்தான் முதலில் தெரிந்தது

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் மருத்துவர்களும் லண்டன் ஆய்வாளர்களும் சேர்ந்து, தென்னிந்தியக் குழந்தைகளுக்குக் கண்புரை வருவதற்கான காரணங்களை ஆராய்ந்து 1996ல் வெளியிட்டார்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குக் காரணம் பிறவி ரூபெல்லா. கிரெக்குக்கு 55 ஆண்டுகளுக்குப் பிறகு, அதே போலக் கண் மருத்துவர்கள்தான் முதலில் பார்த்தார்கள். கண்ணுக்கு வந்ததால் இந்தக் குழந்தைகள் கணக்கில் சேர்ந்தார்கள். அதே ஆண்டுகளில் காதில் மட்டும் அடிபட்டுப் பிறந்தவர்கள் எங்கே போனார்கள்? காது கேளாதோர் பள்ளிகளுக்குப் போயிருப்பார்கள், அல்லது எந்தப் பள்ளிக்கும் போகாமல் இருந்திருப்பார்கள். விண்ணப்பத்தில் பிறவிக் குறை என்று எழுதப்பட்டிருக்கும். தாய்மாமன் முறையில் கல்யாணம் செய்ததால்தான் இப்படி என்று குடும்பத்துக்குள் பேச்சு வந்திருக்கும், அந்தப் பழி முழுவதும் அந்தப் பெண்ணின் தலையில் விழுந்திருக்கும். நெருங்கிய உறவுத் திருமணம் காது கேளாமைக்குக் காரணமாவது உண்மைதான். ஆனால் அதை எல்லாக் குழந்தைக்கும் பொதுவான விடையாக வைத்துக்கொண்டதால், மூன்று நாள் காய்ச்சலைப் பற்றி யாரும் அந்தத் தாயிடம் கேட்கவே இல்லை.

இலங்கை இந்தப் பாதையில் நமக்கு முன்னால் போய்விட்டது. 1990களின் நடுவில் அங்கே ரூபெல்லா பரவியதைத் தொடர்ந்து, 1996லேயே பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்குத் தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள். 2001 முதல் குழந்தைகளுக்கும். 2020ல் தட்டம்மை, ரூபெல்லா இரண்டையும் ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் இலங்கையையும் மாலத்தீவையும் அறிவித்தது. தெற்காசியாவில் இது முடியாத காரியம் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

தமிழ்நாட்டில் எம்ஆர் தடுப்பூசி (தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் சேர்த்துப் போடும் ஒரே ஊசி) முகாம் தொடங்கியது 2017 பிப்ரவரியில். கர்நாடகம், புதுச்சேரி, கோவா, லட்சத்தீவு ஆகியவற்றோடு சேர்ந்து முதல் கட்டத்திலேயே நாம் இருந்தோம். ஒன்பது மாதம் முதல் 15 வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளியிலேயே போட ஏற்பாடு. வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியதும், பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் வைத்துக்கொண்டதும் பலருக்கு நினைவிருக்கும். பிள்ளைகளுக்கு மலட்டுத்தன்மை வரும் என்றுகூடச் சொன்னார்கள். கருவைக் காப்பாற்றுவதற்காகவே உருவான ஊசியைப் பற்றி அப்படி ஒரு பொய். அந்தச் சமயம் மக்களிடம் போய், இந்த ஊசி உங்கள் பேரப்பிள்ளையின் காதுக்காகப் போடுவது என்று யாராவது எடுத்துச் சொல்லியிருந்தால் பாதிப் பேராவது யோசித்திருப்பார்கள் என்று நம்புகிறேன். தட்டம்மை என்ற பெயர் எல்லோருக்கும் தெரியும், ரூபெல்லா யாருக்கும் தெரியாது. எதற்காக என்று தெரியாத ஊசிக்கு யார்தான் கை நீட்டுவார்கள்?

மற்ற வைரஸ்கள்

ரூபெல்லா மட்டும் காதைத் தொடுகிறது என்று எண்ணிவிட வேண்டாம். பொன்னுக்கு வீங்கி, இலங்கையில் கூகைக்கட்டு, வந்த பிள்ளைக்குத் திடீரென ஒரு காது முழுவதுமாகக் கேட்காமல் போகலாம். ஆயிரத்தில் ஒருவருக்கு வரலாம் என்று ஜப்பானிய ஆய்வு ஒன்று சொல்கிறது. இன்னொரு காது நன்றாக இருப்பதால் பிள்ளைக்கே தெரியாது. ஒருநாள் போனை அந்தப் பக்கம் வைக்கும்போதுதான் வெளிப்படும். இதற்குத் தடுப்பூசி உண்டு, அரசின் இலவசப் பட்டியலில் இல்லை. தட்டம்மை நடுக்காதில் சீழ் கட்டவைக்கும், சில நேரம் உள்காதையும் தாக்கும். சின்னம்மை வைரஸ் பல ஆண்டுகள் நரம்பில் ஒளிந்திருந்து அக்கியாகக் காதில் வெடித்தால், முகவாதத்தோடு சேர்த்துக் கேட்கும் திறனையும் பறிக்கும். பெரியவர்களுக்கு ஒரே நாளில் ஒரு காது அடைத்ததுபோல் ஆகி, கேட்காமல் போனால் சளி என்று சொட்டு மருந்து விட்டுக்கொண்டு காத்திருக்கக் கூடாது. அதில் சிலவற்றுக்கு வைரஸ் காரணமாக இருக்கலாம் என்ற சந்தேகம் உண்டு. எதனால் வந்திருந்தாலும் ஸ்டீராய்டு சிகிச்சை பலன் தருவது முதல் சில நாட்களில்தான், இரண்டு வாரம் தாண்டினால் வாய்ப்பு வெகுவாகக் குறையும்.

ஆனால் ரூபெல்லாவின் இடத்தை இப்போது பிடித்திருப்பது சைட்டோமெகாலோ வைரஸ், சுருக்கமாக சிஎம்வி. ரூபெல்லாவை ஒழித்த நாடுகளில், மரபணு சாராத பிறவிக் காது கேளாமைக்கு முதல் காரணம் அதுவே. அங்கே ஏறத்தாழ 200 குழந்தைகளில் ஒன்று இந்தத் தொற்றோடு பிறக்கிறது. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு எந்த அறிகுறியும் இருக்காது. அப்படி அறிகுறியில்லாத குழந்தைகளிலும் பத்தில் ஒன்றுக்குக் கேட்கும் திறன் பாதிக்கப்படும், அதுவும் சிலருக்கு இரண்டு மூன்று வயதில். நம் ஊரில் ஏறக்குறைய எல்லாப் பெண்களுக்கும் சிறுவயதிலேயே சிஎம்வி வந்துபோயிருக்கும். ரூபெல்லாவில் அது பாதுகாப்பு. இதில் முழுப் பாதுகாப்பு இல்லை. பழைய வைரஸ் மீண்டும் தலைதூக்கினாலோ புது வகை தொற்றினாலோ கருவுக்குப் போகலாம். இதற்குத் தடுப்பூசியும் இன்னும் வரவில்லை.

தடயம் அழியும் கதை இங்கேதான் கறாராக வருகிறது. குழந்தைக்குப் பிறவியிலேயே சிஎம்வி இருந்ததா என்று உறுதிசெய்ய, பிறந்த 21 நாட்களுக்குள் உமிழ்நீரோ சிறுநீரோ எடுக்க வேண்டும். அதற்குப் பிறகு வைரஸ் கிடைத்தாலும் அது தாய்ப்பாலில் வந்ததா, வெளியே தொற்றியதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ரூபெல்லாவில் ஐஜிஎம் எதிர்ப்புப் பொருளைக் குழந்தையின் ரத்தத்தில் தேடலாம், முதல் ஆறு மாதத்துக்குள் தேடினால் நம்பிக்கையாகக் கிடைக்கும். ஒரு வயது தாண்டி எம்ஆர் ஊசியும் போட்டுவிட்டால் ரத்தத்தில் இருப்பது நோயின் அடையாளமா ஊசியின் அடையாளமா என்று எவராலும் சொல்ல முடியாது. நம் ஊரில் பேச்சு வரவில்லை என்று குழந்தையைப் பெரா டெஸ்டுக்கு (ஒலி கேட்கும்போது காது நரம்பில் எழும் மின்சைகையை அளக்கும் பரிசோதனை) தூக்கிக்கொண்டு வருவது பெரும்பாலும் இரண்டு வயதுக்குப் பிறகு. காரணம் என்ற கட்டத்தில் காரணம் தெரியவில்லை என்று எழுதுவதைத் தவிர வழியில்லை. 1911 அட்டவணையைப் பார்த்தவர்கள் நின்ற அதே இடம்.

அதனால் இந்த நிகழ்விலிருந்து செயலுக்கு வருவது இவைதான். பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும், வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் ஓஏஇ பரிசோதனை, அதாவது ஒலிக்கு உள்காது திருப்பித் தரும் மெல்லிய ஒலியை அளப்பது. அதில் தேறாத குழந்தைக்கு மூன்று மாதத்துக்குள் பெரா, அதே சமயம் 21 நாள் கெடுவுக்குள் சிஎம்விக்கு மாதிரி. உறுதியானால் ஆறு மாதத்துக்குள் காதுக் கருவி. கருவி போதாத குழந்தைக்குக் காக்ளியர் இம்பிளான்ட் (காக்ளியாவுக்குள் மின்முனை பொருத்தி நரம்பை நேரடியாகத் தூண்டும் கருவி) அறுவை, தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலேயே அது கிடைக்கிறது. கர்ப்பத்தில் தடிப்போடு காய்ச்சல் வந்த தாயின் குழந்தைக்கு முதல் பரிசோதனை நன்றாக இருந்தாலும் மூன்று வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும். கர்ப்பிணிப் பரிசோதனை அட்டையில் அந்தக் காய்ச்சலைத் தேதியோடு எழுதி வைத்தாலே பிறகு தேடுபவர்களுக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

தடுப்பூசிப் பக்கம் பார்த்தால் இப்போது பிறக்கும் குழந்தைகளுக்கு ஒன்பது மாதத்திலும், ஒன்றரை வயதை ஒட்டியும் எம்ஆர் ஊசி உண்டு. 2017 முகாமின்போது 15 வயதைத் தாண்டியிருந்த பெண்கள்தான் இடையில் விடுபட்டவர்கள், இன்றைக்கு இருபதுகளின் நடுவிலும் முப்பதுகளிலும் இருக்கிறார்கள். முதல் குழந்தை, இரண்டாம் குழந்தை என்று திட்டமிடும் வயது. சிறுவயதில் எம்எம்ஆர் (எம்ஆரோடு பொன்னுக்கு வீங்கிக்கும் சேர்த்த ஊசி) போட்டதா என்று தெரியாதவர்கள், எதிர்ப்பு சக்தி இருக்கிறதா என்று காட்டும் ரூபெல்லா ஐஜிஜி ரத்தப் பரிசோதனை செய்து பார்க்கலாம், அல்லது நேராக ஊசியே போட்டுக்கொள்ளலாம், ஏற்கெனவே எதிர்ப்பு சக்தி இருந்தாலும் தீங்கில்லை. ஆனால் இது உயிருள்ள வைரஸ் ஊசி, கர்ப்பத்தில் போடக் கூடாது. போட்ட பிறகு ஒரு மாதமாவது கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். பிரசவம் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் முன் போட்டுக்கொள்வது பல நாடுகளில் வழக்கம், பால் கொடுக்கும் தாய்க்கும் தடையில்லை.